ஏ.ஆர்.ரி: எதிர்ப்பா, ஒழிப்பா, அடக்கலா?

எச்.ஐ.வி உள்ளவர்கள் தினமும் போடும் குளிசைக்கு கிளினிக்கில் வழங்கும் பெயர் 'ஏ.ஆர்.ரி'. விரித்தால் 'அன்ரி-றெற்றோவைரல் தெரப்பி'.

'அன்ரி' கிரேக்கம்; எதிர் என்று பொருள். 'வைரஸ்' இலத்தீனில் நஞ்சு, அதனால்தான் நச்சுயிரி என்கிறோம். நடுவில் நிற்கும் 'றெற்றோ'வில்தான் விஷயமே இருக்கிறது. இலத்தீனில் அதற்குப் பின்னோக்கி என்று பொருள். உயிரணுவில் வழக்கமாக, மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏயைப் பார்த்து அதன் படியான ஆர்.என்.ஏ எழுதப்படும். எச்.ஐ.வி தலைகீழாகச் செய்கிறது: தன் ஆர்.என்.ஏயைப் பார்த்து டி.என்.ஏ எழுதி, அதை நம் உயிரணுவின் டி.என்.ஏக்குள்ளேயே செருகிவிடுகிறது. இப்படிப் பின்னோக்கி எழுதும் நொதியை (என்சைம்) 1970இல் ஹவார்ட் ரெமினும் டேவிட் பல்ரிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் எச்.ஐ.வி மருந்தான ஏ.இசட்.ரி தடுத்தது இந்த நொதியைத்தான். 1996 அளவில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வைரஸ் ஒழிப்பு மருந்து' என்று எழுதுவது எனக்குப் பயமாக இருக்கிறது. செருகப்பட்ட டி.என்.ஏ சில உயிரணுக்களில் உறங்கிக் கிடக்கும், குளிசை அதை ஒழிப்பதில்லை. ஒழிந்துவிட்டது என்று நம்பி மருந்தை நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகும். 'எதிர்ப்பு' என்றாலும் சிக்கல்தான். நோய் எதிர்ப்புச் சக்தி என்பதும் எதிர்ப்பு, மருந்துக்கு வைரஸ் பழகிப்போவதும் எதிர்ப்பு. 'றெற்றோவைரஸ்' என்பதை 'மீள் நச்சுயிரி' என்றால் போனது திரும்பி வருகிறது என்றுதான் காதில் விழும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது 'பின்னோக்கு நச்சுயிரி அடக்கு மருந்து'. நீளம்தான். ஆனால் மருந்து செய்வதை அது உள்ளபடி சொல்கிறது. ஒழுங்காகக் குளிசை போட்டால் வைரஸ் அடங்கி, இரத்தப் பரிசோதனையில் பிடிபடாத அளவுக்கு இறங்கும், நோயைத் தடுக்கும் வெள்ளணுக்கள் தேறும். அப்படி அடங்கியே இருக்கும்வரை உடலுறவால் இன்னொருவருக்குத் தொற்றாது. எச்.ஐ.வி என்றவுடன் சாவையும் ஒதுக்கிவைப்பதையும் நினைக்கும் நம் சனத்துக்கு இந்த ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். சிகிச்சை எடுக்கும் பெண் நலமான பிள்ளையைப் பெறலாம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. அங்கே 'ஒழிப்பு' சரியான சொல்.

19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷன் மருத்துவரான டாக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். தமிழில் முடியாது என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சொல்லக் கூடாது. துண்டுப்பிரசுரம் எழுதுபவர்கள் தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் 'ஏ.ஆர்.ரி' என்றும் போட்டுவிடுங்கள். கிளினிக்கில் நோயாளர் காதில் விழப்போவது அந்தப் பெயர்தான்.