யோக்கிச்சை 41-ஆவதாக எடுத்தவர் மேதையா? டிராஃப்ட் கணக்கைச் சரியாகப் பார்ப்பது எப்படி

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில், அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2014 டிராஃப்டில் நிகோலா யோக்கிச்சின் தேர்வு நடந்த நேரத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டாகோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. 41-ஆவது தேர்வு, டென்வர் நகெட்ஸ். பிறகு அவர் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனார். 2023-இல் டென்வருக்கு முதல் கோப்பையையும் வென்று தந்தார். அவரை எடுத்த அன்றைய டென்வர் மேலாளர் டிம் கானலியை இன்றுவரை பலர் மேதை என்கிறார்கள்.

அதே இரவில் டென்வர் கைக்கு வந்த 16-ஆவது தேர்வையும் பாருங்கள். யூசுஃப் நுர்கிச். அவரும் யோக்கிச்சைப் போலவே சென்டர்தான், கூடைக்கு அருகே ஆடும் உயரமான ஆட்டக்காரர். யோக்கிச் யார் ஆவார் என்று டென்வருக்குத் தெரிந்திருந்தால், வேறொரு சென்டரை முன்னால் எடுத்துவிட்டு 41 வரை காத்திருப்பார்களா? கோல்டன் ஸ்டேட் கதையும் இதுதான். 2012-இல் டிரேமண்ட் கிரீனை 35-இல் எடுப்பதற்கு முன் 7-இல் ஹாரிசன் பார்ன்ஸையும், 30-இல் ஃபெஸ்டஸ் எஸீலியையும் எடுத்திருந்தார்கள். இதனால் பெருமை இல்லாமல் போய்விடாது. மற்ற அணிகள் எல்லாம் கைவிட்டவரை எடுத்தது, எடுத்த பின் அவசரப்படாமல் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடவிட்டது, இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் "எங்களுக்கு முன்பே தெரியும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. நல்ல முடிவுக்கும் நல்ல விளைவுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பார்க்கத் தெரியாமல்தான் மேலாளர்களைத் தூக்கி வைப்பதும் தூற்றுவதும் நடக்கிறது.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே யாரிடம் பணம் இருக்கிறதோ அவர் விலையை ஏற்றலாம். டிராஃப்டில் விலை கிடையாது, வரிசை மட்டுமே. இரண்டு சுற்று, 30 அணிகள், முழுதாக நடந்தால் 60 பேர். பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்கு லாட்டரி உண்டு. முதல் நான்கு இடங்களைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். 2025-இல் டல்லாஸ் 1.8 சதவீத வாய்ப்போடு முதலிடம் பெற்று கூப்பர் ஃபிளாகை எடுத்தது. அது குலுக்கல் பந்துகள் கொடுத்த வரம். அதை எந்த மேலாளரின் திறமைக் கணக்கிலும் எழுத முடியாது.

முதலில் பட்டியலைத் திருத்துங்கள்

இணையத்தில் கிடைக்கும் டிராஃப்ட் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு முதல் வரியிலேயே தப்பாகிவிடும். டென்வர் பெயரில் 2013-இல் ரூடி கோபேர், 2014-இல் டக் மெக்டெர்மட், 2017-இல் டானவன் மிட்செல் என்று இருக்கும். மூவரும் அன்றிரவே கைமாறியவர்கள். இரவு முடியும்போது உரிமை யார் கையில் இருந்ததோ அதுதான் கணக்கு. கொடுத்தவருக்குப் பற்று, வாங்கியவருக்கு வரவு.

அடுத்து தேதிகள். முந்தைய மேலாளர் மசாய் உஜிரி டொராண்டோவுக்குப் போன பிறகு, 2013 டிராஃப்டுக்குப் பத்து நாள் முன்னால்தான் கானலி டென்வரில் பொறுப்பேற்றார். கோபேரை விட்டது அவர் கையெழுத்தில் நடந்தது என்றாலும் ஆண்டு முழுக்க ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதியது அவருக்கு முன்பிருந்த குழு. அந்த வரியில் ஒரு குறி போட்டு வையுங்கள். மறுமுனையில், 2022 மே மாதம் அவர் மினசோட்டாவுக்குப் போய்விட்டார். ஜூனில் 21-ஆவதாக எடுக்கப்பட்ட கிறிஸ்டியன் பிரவுன் கால்வின் பூத் கணக்கு. பதவிப் பெயரும் குழப்பும். 2017-இலிருந்து பொது மேலாளர் என்ற பெயர் அர்டூராஸ் கர்னிஷோவாஸிடம் இருந்தது, 2020-இல் பூத்திடம் போனது. இருவருக்கும் மேலே தலைவராக இருந்தவர் கானலி. கடைசிச் சொல் யாருடையது என்று பாருங்கள், அறைக் கதவில் இருக்கும் பெயரை அல்ல.

தேர்வு உரிமை எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கேள்வி. 2016-இல் ஜமால் மர்ரேயை 7-இல் எடுத்தார்கள். டென்வரின் சொந்த இடம் 9. 2011-இல் கார்மெலோ ஆந்தனியை நியூயார்க்குக்கு அனுப்பியபோது உஜிரி வாங்கி வைத்திருந்த இடமாற்ற உரிமைதான் (இரு அணிகளின் இடங்களில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம்) அவர்களை 7-க்கு ஏற்றியது. மர்ரேயைத் தேர்ந்தெடுத்த கண் கானலியுடையது. அந்த இடம் முன்னவர் விட்டுப்போன சொத்து.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நியாயமான எதிர்பார்ப்பு

மூன்றாவதாக எடுத்தவரையும் முப்பதாவதாக எடுத்தவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வீட்டிலேயே ஒரு விரிதாளில் அளவுகோல் செய்துகொள்ளலாம். முடிவு தெரிந்த 20 டிராஃப்டுகளை எடுங்கள். ஒவ்வொருவரும் முதல் நான்கு சீசனில் சேர்த்த வின் ஷேர்ஸை, அதாவது அணியின் வெற்றிகளில் அவர் பங்கைக் கணக்கிடும் எண்ணை, எழுதுங்கள். ஏன் நான்கு? முதல் சுற்றில் எடுத்த ரூக்கியின், அதாவது புது ஆட்டக்காரரின், ஒப்பந்தம் நான்கு ஆண்டு. முதல் இரண்டு உறுதி, அடுத்த இரண்டும் அணியின் விருப்பம். மலிவான சம்பளத்தில் ஆளை வைத்திருக்கும் காலம் அது. டிராஃப்டின் லாபமே அங்கேதான்.

பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் சராசரி போடாதீர்கள்; இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுங்கள். சராசரி எடுத்தால் 41-ஆவது இடத்தை யோக்கிச் ஒருவரே தூக்கி நிறுத்திவிடுவார். முன்னும் பின்னும் இரண்டிரண்டு இடங்களைச் சேர்த்து ஐந்து இடங்களாகப் பாருங்கள். இல்லாவிட்டால் 15-ஆவது இடம் ஏதோ ராசியான எண் என்று தோன்றும்: 1996-இல் ஸ்டீவ் நாஷ், 2011-இல் கவாய் லெனார்ட், 2013-இல் யானிஸ் ஆன்டெடொகூம்போ, எல்லாரும் 15. எண்ணில் ராசி எதுவும் இல்லை.

வரைந்து பார்த்தால் கோடு முதல் ஐந்து இடங்களில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகச் சரிந்து, இரண்டாம் சுற்றில் பூஜ்யத்தை ஒட்டியே ஓடும். 2015-இல் 52-ஆவதாக டல்லாஸ் எடுத்த சத்னாம் சிங், என்பிஏ டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர், ஒரு என்பிஏ ஆட்டம்கூட ஆடாமல் போனார். நம் நாட்டில் பலர் அதை டல்லாஸின் பிழை என்றோ அவர் பிழை என்றோ பேசினார்கள். அந்த இடத்தின் வழக்கமான முடிவே அதுதான். 2017-இல் 51-இல் டென்வர் எடுத்த மான்டே மோரிஸ், மர்ரே காயத்தில் இருந்த 2021-22 சீசன் முழுக்கத் தொடக்க ஐவரில் ஆடினார். அந்த இடத்துக்கு அது பெரிய லாபம். யோக்கிச் வெளிச்சத்தில் யாரும் கவனிப்பதில்லை.

இரண்டு இரவுகள், ஒரே மாதிரி முடிவு

இந்த அளவுகோல் எதற்கு உதவும் என்பதற்கு டென்வரின் இரண்டு கைமாற்றங்களே போதும்.

2014-இல் 11-ஆவது இடத்தை, அதில் எடுத்த மெக்டெர்மட்டோடு சிகாகோவுக்குக் கொடுத்து 16, 19 இரண்டையும் வாங்கினார்கள். நுர்கிச்சும் கேரி ஹாரிஸும் வந்தார்கள். பெயர்களை மறைத்துவிட்டு எண்களை மட்டும் பாருங்கள். கோடு மெதுவாகச் சரியும் பகுதி அது. 11-க்கும் 16-க்கும் பெரிய தூரம் இல்லை, கூடவே இன்னொரு வாய்ப்பு. யார் வந்திருந்தாலும் அது நல்ல விலை.

2017-இல் 13-ஆவது இடத்தை, அதில் எடுத்த மிட்செலோடு யூட்டாவுக்குக் கொடுத்து 24-ஆவது இடத்தையும் டிரே லைல்ஸையும் வாங்கினார்கள். இங்கே இறங்கியது 11 படி. வந்த லைல்ஸின் ரூக்கி ஒப்பந்தத்தில் மலிவான ஆண்டுகள் இரண்டு ஏற்கெனவே தீர்ந்திருந்தன. எண்களை மட்டும் பார்த்தாலே இது முதல் பேரத்தைப் போல இனிக்கவில்லை. ஏன் செய்தார்கள்? மிட்செல் ஆடும் கார்டு இடத்தில், அதாவது பின்களத்தில், மர்ரேயும் ஹாரிஸும் இருந்தார்கள். முன்கள இடத்துக்கு ஆள் தேடினார்கள் என்றுதான் அந்தப் பேரத்தைப் பார்த்தால் படுகிறது. அணியின் இன்றைய ஓட்டையை அடைக்க 19, 20 வயதுப் பையனைத் தேர்ந்தெடுப்பது எனக்குத் தெரிந்து டிராஃப்டில் அடிக்கடி நடக்கும் தவறு. அவன் தேறுவதற்குள் ஓட்டை இடம் மாறியிருக்கும்.

அந்த இரவின் இரண்டாவது இழப்பைப் பெரும்பாலானோர் பேசுவதே இல்லை. 24-இல் டென்வர் எடுத்தது டைலர் லைடன். இரண்டு சீசனில் 30 ஆட்டம்கூட ஆடவில்லை. மூன்றாம் ஆண்டு ஒப்பந்தத்தை அணியே எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அடுத்த ஆறு பேரில் கைல் கூஸ்மா 27, டெரிக் வைட் 29, ஜாஷ் ஹார்ட் 30. மிட்செலை விட்டதை விலைப் பிழை என்று எழுதுங்கள். லைடனை எடுத்ததைக் கண் பிழை என்று தனி வரியில் எழுதுங்கள்.

ஒப்பிடும்போது வரம்பு இதுதான்: அடுத்த ஆறேழு பெயர்கள். 2015-இல் 7-ஆவதாக இமானுவேல் முடியாயை எடுத்த பிறகு வந்தவர்களில் மைல்ஸ் டர்னர் 11, டெவின் புக்கர் 13. இரண்டு பேரையும் விட்டது உண்மையான குறை. ஆனால் 15-ஆவதாகப் போன யானிஸை 2013-இல் 2-ஆவதாக எடுக்கவில்லையே என்று ஒர்லாண்டோவைத் திட்டுவதில் பொருள் இல்லை; 14 தேர்வுகள் அவரைத் தாண்டிப் போயின. டிராஃப்டுக்கு முந்தைய வாரம் வெளியான நான்கைந்து கணிப்புப் பட்டியல்களையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சொன்ன பெயரை எடுத்தவருக்குப் பெரிய மதிப்பெண் தேவையில்லை. 2007-இல் போர்ட்லாந்து கிரெக் ஓடனை எடுத்த பிறகு கெவின் டுராண்டை 2-இல் எடுக்க சியாட்டில் மேலாளர் சாம் பிரெஸ்டிக்குத் தனிக் கண் வேண்டியதில்லை. மறு ஆண்டு ரஸல் வெஸ்ட்புரூக்கை 4-இல் எடுக்கத்தான் அந்தக் கண் தேவைப்பட்டது.

காயம் பற்றி ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஆபத்துக்கு ஏற்ற விலையா? முதுகு அறுவைச் சிகிச்சையால் சரிந்து வந்த மைக்கேல் போர்ட்டரை டென்வர் 2018-இல் 14-இல் எடுத்தது. முதல் சீசன் முழுவதும் அவர் களத்துக்கே வரவில்லை. பிறகு கோப்பை வென்ற தொடக்க ஐவரில் ஒருவர். அவர் ஒருபோதும் குணமாகாமல் போயிருந்தாலும் 14-இல் இழப்பது ஒரு சுமாரான ஆட்டக்காரரை. இதே ஆபத்தை 2-இல் எடுப்பது வேறு கதை. அதனால் விளைவு எப்படி ஆகியிருந்தாலும் இதை நல்ல முடிவு என்றே எழுதுவேன்.

முதல் ஆண்டின் புள்ளிக்கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். 2013-இல் 11-ஆவதாக ஃபிலடெல்ஃபியா எடுத்த மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் ஆட்டத்துக்கு 16.7 புள்ளி, 6.2 ரீபவுண்ட், 6.3 அசிஸ்ட் எடுத்து சிறந்த ரூக்கி விருது வாங்கினார். அணி வென்றது 19, தோற்றது 63. தோற்கும் அணியில் பந்து கையிலேயே இருக்கும், எண்ணிக்கை ஏறும். மூன்று புள்ளி எறிதலில் நூற்றுக்கு 26 தான் விழுந்தது என்பது அதே அட்டவணையின் ஓரத்தில் இருந்தது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே ஃபிலடெல்ஃபியா அவரை விற்றுவிட்டது.

சிறந்த தேர்வை நீக்கிவிட்டு மறுபடி கூட்டுங்கள்

ஒரு மேலாளருக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று தேர்வுகள்தான். கானலிக்கு டென்வரில் 2013 முதல் 2021 வரை ஒன்பது டிராஃப்ட். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஒரே ஒரு வெற்றி முழுக் கணக்கையும் மறைத்துவிடும். எனவே யோக்கிச்சை எடுத்துவிட்டுப் பாருங்கள். மர்ரே, ஹாரிஸ், நுர்கிச், 2016-இல் 19-இல் வந்த மலிக் பீஸ்லி, மோரிஸ், போர்ட்டர் ஒரு பக்கம். முடியாய், லைடன், கைவிட்ட கோபேர், மிட்செல் மறுபக்கம். என் தீர்ப்பு: சராசரிக்கு மேலே, தெளிவாகவே. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் அவர் கண் கூர்மை. கையில் இருந்ததைக் கைமாற்றும்போது இரண்டு முறை பெரிதாக விட்டிருக்கிறார். "யோக்கிச்சை எடுத்தவர்" என்ற ஒற்றை வரியைவிட இது அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது.

கடைசியாக, டிராஃப்ட் கணக்கையும் வர்த்தகக் கணக்கையும் ஒரே பையில் போடாதீர்கள். நுர்கிச்சை 16-இல் எடுத்தது லாபம். 2017 பிப்ரவரியில் அவரோடு ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்து போர்ட்லாந்துக்கு அனுப்பி முக்கியமாக மேசன் பிளம்லியை வாங்கியது வர்த்தகக் கணக்கில் நஷ்டம். ஹாரிஸ் 2021-இல் ஆரன் கார்டனை வாங்கிய பேரத்தில் போனார். அது வர்த்தகக் கணக்கில் வரவு. கோபேர் விஷயத்தில் இந்தப் பிரிப்பு இல்லாமல் கணக்கே நிற்காது. 2013-இல் 46-ஆவது தேர்வுக்கும் கொஞ்சம் பணத்துக்கும் அவரை விட்டுக்கொடுத்த கானலி, 2022-இல் மினசோட்டாவுக்காக அதே கோபேரை வாங்க, பல ஆட்டக்காரர்களோடு அப்போதுதான் 22-இல் எடுத்த வாக்கர் கெஸ்லரையும் நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தார். 2024-இல் கோபேர் நான்காம் முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கினார். அந்த விருது 2022 வர்த்தகத்தின் வரவுப் பக்கத்தில் ஏறும். 2013 டிராஃப்டின் வரியில் 27-ஆவது இடம், கைவிட்டது என்ற பற்று அப்படியே இருக்கும்.