நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொன்னால் மார்க் போடுவது எப்படி?

"இன்னும் பத்து நாளில் வங்கக் கடலில் நிலநடுக்கம்" என்று வாட்ஸ்அப்பில் அவ்வப்போது ஒரு செய்தி சுற்றும். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கடலூர்க் கரையோரத் தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் அதைச் சிரித்து ஒதுக்க யாருக்கும் மனம் வராது. பத்து நாளில் அந்தமான் பக்கமோ சுமத்ரா பக்கமோ ஓர் அதிர்வு பதிவாகியும் விடும். "பார்த்தீங்களா, சொன்னது பலிச்சிடுச்சு!"

பலித்ததா என்பதை அப்புறம் பார்க்கலாம். யாரும் சொல்லாமல் இருந்திருந்தால் அது வராமல் இருந்திருக்குமா? ஐப்பசிக் கடைசியில் கடலூரில் நின்றுகொண்டு "பத்து நாளுக்குள் மழை பெய்யும்" என்பவரை யாரும் ஞானி என்று சொல்வதில்லை. அதே ஆள் பங்குனியில், தேதியும் சென்டிமீட்டரும் குறித்துக் கொடுத்து, அப்படியே கொட்டினால் உட்கார வைத்துக் காபி கொடுத்து விசாரிக்கலாம்.

நிலநடுக்கத்துக்கும் இப்படியொரு வழக்கமான வரத்து உண்டு. ரிக்டர் அளவு என்று நாம் பழக்கத்தில் சொல்லும் எண்ணில் 6-ம் அதற்கு மேலும் உள்ளவை உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறக்குறைய 140 வருகின்றன. 7-க்கு மேல் சுமார் 15, 8-க்கு மேல் ஒன்று. அளவு ஒரு படி ஏறினால் எண்ணிக்கை ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறையும், வெளியாகும் ஆற்றல் 32 மடங்கு கூடும். எண்ணிக்கை குறையும் இந்த விதியை 1944-இல் நிலநடுக்க ஆய்வாளர்கள் குட்டன்பெர்க்கும் ரிக்டரும் எழுதி வைத்தார்கள். இப்போது கணக்குப் போடுங்கள். பத்து நாளுக்கு 6-க்கு மேற்பட்டவை சராசரியாக 3.8. ஒன்றுகூட வராமல் போகும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான். ஆக, "பத்து நாளில் உலகில் எங்காவது 6" என்பவர் நூற்றுக்கு 98 தடவை ஜெயிப்பார். 7 என்று துணிந்து சொன்னாலும் மூன்றுக்கு ஒரு தடவை பலிக்கும்.

அதனால் ஆய்வாளர்கள் ஒரு முன்னறிவிப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே சில விவரங்களைக் கேட்பார்கள். இடம் எது, அட்சரேகை தீர்க்கரேகை எல்லையோடு? எந்த நாள் எந்த மணியிலிருந்து எதுவரை? குறைந்தபட்ச அளவு என்ன? வாய்ப்பு எத்தனை சதவீதம்? கடைசியாக, வந்ததா இல்லையா என்று எந்த நிலையத்தின் பட்டியலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது? இத்தனையையும் சம்பவத்துக்கு முன்பே, பிறகு திருத்த முடியாத இடத்தில் பதிந்திருக்க வேண்டும்.

பட்டியல் விவகாரம் அற்பமாகத் தெரியும், ஆனால் சண்டை வருவது அங்கேதான். 2004 சுமத்ரா நிலநடுக்கத்துக்குப் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் சொன்ன அளவு 8.0. சுமார் ஒரு மணி நேரம் கழித்து அதே மையம் 8.5 என்றது. இன்று நாம் படிப்பது 9.1. நேரமும் அப்படித்தான். பட்டியல்கள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் கடிகாரம் ஐந்தரை மணி முன்னால் ஓடும். நமக்கு விடிகாலை 4 மணிக்கு வந்த அதிர்வு பட்டியலில் முந்தைய நாள் தேதியில் கிடக்கும். "ஒரு நாள் தள்ளிப் பலித்தது" என்ற வாதங்களில் சில இந்த ஐந்தரை மணிக்குள் அடங்கிவிடும்.

இனி மார்க். ஓர் இடத்தில் ஒரு வாரத்துக்கு வழக்கமான வாய்ப்பு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 10 சதவீதம் என்கிறார். அது வழக்கத்தைப் போல 10 மடங்கு. நிலம் அதிர்ந்தால் அவருக்கு அந்த 10-இன் இயல் மடக்கை (natural log), அதாவது 2.3 புள்ளி வரவு. அதிராவிட்டால், 'வராது' என்பதற்கு வழக்கமான 99 சதவீதத்துக்குப் பதில் அவர் 90 மட்டுமே கொடுத்திருந்ததால், அதே மடக்கைக் கணக்கில் 0.095 புள்ளி செலவு. பார்க்கச் சின்னத் தொகைதான். ஆனால் நூறு வாரம் சொல்லி ஒரு தடவை மட்டும் வந்தால் வரவு 2.3, செலவு 9.4, ஆள் திவால். உண்மையிலேயே பத்துத் தடவை வந்தால் வரவு 23, செலவு 8.6, கையில் 14-க்கு மேல் மிச்சம். பலித்த ஒரு வாரத்தை மட்டும் கட்டம் கட்டிக் காட்டி, பொய்த்த 99 வாரத்தை மறைக்க இந்தக் கணக்கில் இடமே இல்லை.

வரவு செலவு இப்படி இருந்தாலும் ஓர் ஓட்டை உண்டு. எந்த 'வழக்கமான வாய்ப்போடு' ஒப்பிடுகிறோம்? நிலநடுக்கங்கள் சீராக வருவதில்லை, கூட்டமாக வரும். பெரிய அதிர்வுக்குப் பிறகு பின்னதிர்வுகள் நாள் கணக்கில் தேய்வதை 1894-இலேயே ஜப்பானிய நிலநடுக்க ஆய்வாளர் ஓமோரி கண்டார். முதல் நாள் 100 என்றால் பத்தாம் நாள் ஏறக்குறைய 10, நூறாம் நாள் ஒன்று. ஆகவே பெரிய அதிர்வு நடந்த மறுநாள் "அதே பக்கம் மறுபடியும் வரும்" என்பவர் ஆண்டுச் சராசரியை எளிதாகத் தோற்கடிப்பார். நாய் ஊளையிட்டது, கிணற்று நீர் கலங்கியது, நிலத்தடியிலிருந்து கசியும் ரேடான் வாயு கூடியது என்று எதைச் சாட்சிக்கு அழைத்தாலும் அந்த வாரம் பொருந்தத்தான் செய்யும். அவர் ஓமோரியின் தேய்மானக் கணக்கைத் தோற்கடிக்கிறாரா என்று பார்த்தால் பெரும்பாலும் கதை முடிந்துவிடும்.

நேர்மையாகப் போட்டி நடத்தியும் பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவை 0.1 பாகைக் கட்டங்களாக வெட்டி, 2006 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அதிர்வு வரும் என்ற எதிர்பார்ப்பு எண்ணை ஆய்வாளர்களிடம் முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைத்தார்கள். முன்னணியில் வந்தது மர்மக் கருவி எதுவும் இல்லை. பழைய சின்னச் சின்ன அதிர்வுகள் எங்கே அதிகமோ அங்கே பெரியதும் வரும் என்று பரப்பிப் போட்ட சாதாரண வரைபடம். அதே மாநிலத்தின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் சுமார் 22 ஆண்டுக்கு ஒரு முறை 6 அளவில் வந்துகொண்டிருந்ததால், 1993-க்குள் அடுத்தது வரும் என்று கருவிகளை நிரப்பிக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பர் 28-இல். இடமும் அளவும் சரி, காலம் மட்டும் பத்து ஆண்டுக்கு மேல் தவறியது. அத்தனை கருவி இருந்தும் முன்னறிகுறி என்று கைகாட்ட உருப்படியாக எதுவும் சிக்கவில்லை.

புதுச்சேரிக் கடலோரத்துக்கு வருவோம். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணிவாக்கில், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் அதிர்ந்தது, சென்னை வரை உணர்ந்தார்கள். இங்கே சங்கடம் என்னவென்றால் பழைய அதிர்வுகளின் பட்டியல் ரொம்ப மெலிது. புவித்தட்டின் விளிம்பு நமக்கு வெகு தூரத்தில், அந்தமான் பக்கம் இருக்கிறது. நம்முடையது தட்டின் உட்பகுதி. கணக்குக்கு எடுக்கவே போதிய அதிர்வு இல்லாத இடத்தில் வாரக் கணக்கில் சதவீதம் சொன்னால், அது சரியா தப்பா என்று பார்த்து முடிக்கப் பல தலைமுறை ஆகும். இங்கே பயன்படுவது ஐம்பது ஆண்டு வாய்ப்புதான். அதை வைத்துத் தூணுக்கு எத்தனை கம்பி, வளையங்களை எவ்வளவு நெருக்கமாகக் கட்டுவது என்று பொறியாளர் முடிவு செய்வார். கெடிலமும் தென்பெண்ணையும் கொட்டிய வண்டல் மேல் கட்டும் வீடு, கெட்டிப் பாறை மேல் நிற்பதைவிட அதிகம் குலுங்கும் என்பதையும் அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுனாமிக்கு வேறு கணக்கு. அங்கே நிலநடுக்கம் முடிந்த பிறகுதான் ஓட்டம் தொடங்குகிறது. சுமத்ராவில் கிளம்பும் அதிர்வலை 2,000 கி.மீ. கடந்து நம் கருவிகளைத் தொட நாலு நிமிடம்தான். கடலலையின் வேகமோ ஆழத்தைப் பொறுத்தது. 3,500 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 670 கி.மீ., கரையருகே 10 மீட்டரில் 36 கி.மீ. 2004-இல் காலை 6.29-க்கு அதிர்ந்தும் கடலூருக்கு அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது அதனால்தான். அந்த இரண்டு மணி நேரத்தைப் பயன்படுத்த ஐதராபாத்தில் 2007 முதல் எச்சரிக்கை மையம் இயங்குகிறது. அங்கும் அளவு மட்டும் போதாது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தபோது கடலடித் தளம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்தது. தண்ணீரை மேலே தூக்கிவிடும் அசைவு அதில் அதிகம் இல்லை. அன்று நம் கரைக்கு வந்தது சிறிய ஏற்ற இறக்கம் மட்டுமே.