"மெண்டர் போட்டாச்சு சார்"னு சொல்ற பெற்றோருக்கு

காரைக்குடில ஸ்கூல் பசங்களுக்கு கவுன்சிலிங் பண்றேன். இப்போ என் காதுல அடிக்கடி விழுற வார்த்தை மெண்டர், அதாவது வழிகாட்டி. "தனியா ஃபீஸ் கட்டி மெண்டர் போட்டிருக்கோம் சார், ஆனா பய வாயே திறக்க மாட்டேங்கிறான்"னு ஒரு அம்மா வந்தாங்க. பையன் பதினொண்ணாவது, அப்பா சிங்கப்பூர்ல, வீட்ல அம்மாவும் அப்பத்தாவும்தான். மெண்டர் என்னப்பா சொல்லித் தர்றாருன்னு கேட்டேன், ஃபோனை எடுத்து நீட்டினான். வாட்ஸப்ல வாராவாரம் மார்க்கு, கீழ "இம்ப்ரூவ் பண்ணு", அவ்வளவுதான்.

மெண்டர்ங்கறது முதல்ல ஒரு ஆளோட பேருங்க. கிரேக்கக் கவி ஹோமரோட ஒடிசி காவியத்துல, ஒடிசியஸ்ங்கற ராஜா ட்ராய் சண்டைக்குக் கப்பலேறும்போது வீட்டுப் பொறுப்பை ஒரு சிநேகிதர்கிட்ட விட்டுட்டுப் போறான், அவர்தான் மெண்டர். திரும்பி வர 20 வருஷம் ஆகுது, கைக்குழந்தையா இருந்த மகன் டெலிமாக்கஸ் அப்பா முகமே தெரியாம வளர்றான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ணப் போன நம்ம ஊருக்கு இந்த வலி நல்லாவே தெரியும், எத்தனை வளவு வீட்ல பிள்ளைங்க அப்பச்சியை, அதான் அப்பாவை, ஃபோட்டோல பாத்தே வளந்திருக்காங்க.

ஆனா அந்தக் கதைல உண்மையா வழிகாட்டுறது மெண்டர் இல்லை, அவர் உருவத்துல வர்ற அதீனாங்கற தெய்வம். அப்பாவைத் தேடிப் போடானு சொல்லிட்டு அவ ஒதுங்கிக்கலை, கப்பலையும் ஆளுங்களையும் ஏற்பாடு பண்ணி தானும் கூட ஏறுறா. பைலாஸ்ங்கற ஊர்ல இறங்கினதும், அந்த ஊர் ராஜா நெஸ்டர் மாதிரி பெரியவர்கிட்ட நான் எப்படிப் பேசுவேன், பழக்கமில்லையேனு பையன் தயங்குறான். அவளே பேசி முடிச்சிருக்கலாம், பேசலை. கொஞ்சம் உனக்கே தோணும், மீதியை தெய்வம் எடுத்துக் குடுக்கும்னு சொல்லிட்டு முன்ன நடக்குறா. எனக்கு இந்த இடம்தான் உசிரு, வர்ற பெற்றோர் எல்லார்கிட்டயும் இதைச் சொல்வேன்.

ஃபெனலோன்ங்கற பிரெஞ்சு பாதிரியார் டெலிமாக்கஸை வச்சு எழுதின ஒரு கதை 1699ல வெளிவந்துச்சு, அதுல மெண்டரைப் பெரிய பாத்திரமாக்கினார், அதுக்கப்புறம்தான் பேரு பொதுச்சொல்லாச்சு.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி, ஒருத்தர் எத்தனை பசங்களைப் பாக்குறார், நேர்ல வந்து உக்காருவாரானு கேளுங்க.

முதல்ல சொன்ன பதினொண்ணாவது பையனுக்கு குரூப் மாத்தணும், ஹெச்.எம்.கிட்ட கேக்க பயம், அதான் விஷயமே. அப்பாவோட பழைய சிநேகிதர், பக்கத்துத் தெரு, இவன் பெரியப்பானு கூப்பிடுற ஆளு, அவரைக் கூடப் போகச் சொன்னேன். ஹெச்.எம். ரூம்ல பக்கத்துலயே உக்காந்திருந்தார், ஒரு வார்த்தை பேசலை. பையனே திக்கித் திக்கிக் கேட்டிருக்கான். அப்புறம் ரெண்டு பேரும் கடைல டீ குடிச்சிட்டு வந்தாங்களாம். அடுத்த வாரம் என்னைப் பாக்க அவன் தனியாத்தான் வந்தான்.