மார்ச் மாதத்தில் வந்து சேரும் மானியம்

பல்கலைக்கழக நிதிப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்பதால், "அரசு இவ்வளவு பணம் கொடுத்தும் பல்கலைக்கழகங்கள் ஏன் உருப்படவில்லை?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. தொகையைப் பார்ப்பவர்கள் அது எந்த மாதத்தில், என்னென்ன நிபந்தனைகளோடு வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆய்வுத் திட்ட நிதியையே எடுத்துக்கொள்வோம். முதல் தவணை எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை அனுப்பினால்தான் அடுத்த தவணை. அது வந்து சேரும்போது பெரும்பாலும் நிதியாண்டு முடியும் தறுவாயில் இருக்கும். ஒப்பந்தப்புள்ளி கோரி, விலைகளை ஒப்பிட்டு, கொள்முதல் குழுவைக் கூட்ட அவகாசம் போதாது. மார்ச் 31 தாண்டினால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்ற பயத்தில், பேராசிரியர் தமக்குத் தேவையான கருவியை விட்டுவிட்டு உடனே கிடைப்பதற்குக் கையெழுத்திடுகிறார். அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் ஆய்வகத்தில் முடங்கிக் கிடக்கும் கருவிகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்குவதற்கு மூலதனம் என்ற செலவுத் தலைப்பில் பணம் இருந்திருக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு நடப்புச் செலவுத் தலைப்பில் ஒரு ரூபாயும் இருந்திருக்காது. அனுமதி இல்லாமல் அதை இதற்கு மாற்றவும் முடியாது.

அதே ஆய்வகத்தில் இளநிலை ஆய்வாளர் ஒருவர் இருப்பார். 2023 ஜனவரி முதல் அவருக்கான உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். நல்ல தொகைதான். மாதக்கணக்கில் தாமதமானால் விடுதிக் கட்டணத்துக்கு அவர் கடன் வாங்கத்தான் வேண்டும். அந்த மனநிலையில் எப்படி ஆய்வு நடக்கும்?

மானியம் சுருங்கும்போது நடப்பது இதைவிடக் கவலைக்குரியது. காலிப் பணியிடங்கள் நிரப்பப்படுவதில்லை. தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். கணக்கில் ஒரு மாணவருக்கான செலவு குறைகிறது, அதைச் செயல்திறன் என்று எழுதிக்கொள்கிறார்கள். இதை நான் ஏற்கவே மாட்டேன். வகுப்பில் ஆசிரியர் இல்லாததால் மிச்சமான பணம் அது.

பற்றாக்குறையை ஈடுகட்டத் தேர்வுக் கட்டணம், தொலைதூரக் கல்வி, சுயநிதிப் பாடப்பிரிவுகள் என்று வருவாய் தேட வேண்டியிருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மொத்த வரவில் அரசு மானியம் பாதிக்கு மேல் இருந்தால்தான், அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற வருமான வரி விலக்கு கிடைக்கும். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகள் 2024 தொடக்கத்தில் முடக்கப்பட்டன. கேட்கப்பட்ட வரி பாக்கி சுமார் 424 கோடி ரூபாய். அரசு மானியம் பாதிக்கும் கீழே போய்விட்டது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மானியம் குறைந்ததே சுமை. அதற்கு மேல் வரியும் வந்து சேர்ந்தது.

ஓய்வூதியர்கள், மாணவர்கள், பெற்றோர்கள் என யார் வேண்டுமானாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று விவரங்களைக் கேட்டுப் பெறலாம்: ஒவ்வொரு தவணையும் வந்த தேதி, நிரப்பப்படாத ஆசிரியர் பணியிடங்கள், நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள், அதாவது கணக்குத் தணிக்கையில் எழுப்பப்பட்டு இன்னும் தீர்க்கப்படாத ஆட்சேபணைகள். தணிக்கைத் தடையைக் காட்டி மானியம் நிறுத்திவைக்கப்படுவது உண்டு என்பதால், மூன்றாவதை விட்டுவிடாமல் கேளுங்கள்.