என்ஏடிக்குப் பின்னால் ஒரு போன்: பதில் ஏன் வந்து சேர்வதில்லை?

மண்டபத்தில் ஓர் இறால் கம்பெனி. ஏலக்கூடத்தில் ஒரு ஐபி போன் (இன்டர்நெட் வழியே பேசும் போன்), ஐஸ் பிளான்ட்டில் இன்னொன்று, இரண்டுக்குமான டெலிபோன் சர்வர் சென்னையில். போன் திரையில் ‘ரிஜிஸ்டர் ஆகவில்லை’ என்றே நிற்கிறது, அதாவது சர்வரில் தன்னைப் பதிந்துகொள்ள முடியவில்லை. சர்வரில் வந்ததும் போனதும் குறித்திருக்கும் லாக்கைத் திறந்தால் போனின் கோரிக்கை வந்திருக்கிறது, பதிலும் போயிருக்கிறது. அரை வினாடி, ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று இடைவெளி விட்டு அதே கோரிக்கை மறுபடி மறுபடி வருகிறது. அப்படியானால், அனுப்பிய பதில் எங்கே போனது?

போனும் சர்வரும் அழைப்பை ஏற்படுத்தப் பேசிக்கொள்ளும் மொழி எஸ்ஐபி (‘சிப்’ என்றும் சொல்வார்கள்). போன் தன் எஸ்ஐபி கோரிக்கையில் ‘வயா’ என்று ஒரு வரி எழுதும். பதிலை எங்கே அனுப்ப வேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. போனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்குள்ள ரூட்டர் கொடுத்த முகவரிதான்; அதனால் 192.168.1.20:5060 என்று எழுதிவிடும். கடைசியில் உள்ள 5060தான் போர்ட், அந்த முகவரியில் எந்த வாசல் என்று சொல்லும் எண். நம் பக்கத்தில் ஊருக்கு ஊர் ஒரு மேலத்தெரு உண்டு. ஊர்ப் பெயர் இல்லாமல் ‘மேலத்தெரு, மூணாவது வீடு’ என்று மட்டும் கடிதத்தில் எழுதினால் தபால்காரர் என்ன செய்வார்? 192.168 முகவரிகளும் அப்படித்தான், தொண்டியிலும் இருக்கும், தூத்துக்குடியிலும் இருக்கும்.

கோரிக்கையைச் சுமந்துகொண்டு பாக்கெட் (தரவுப் பொட்டலம்) வெளியே போகும்போது ரூட்டர் அதன் தலைப்பில் உள்ள முகவரியையும் போர்ட்டையும் மாற்றி, 203.0.113.45:41873 என்பதுபோல ஒன்றைப் போட்டு, தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. இதுதான் என்ஏடி. உள்ளே இருக்கும் வயா வரியை அது தொடுவதில்லை.

இணையத்துக்கான விதிகளை ‘ஆர்எஃப்சி’ என்று எண் போட்டு வெளியிடுவார்கள். எஸ்ஐபிக்காக 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261 இதைப் பாதிதான் கவனித்தது. வயாவில் உள்ள முகவரியும் பாக்கெட் வந்த முகவரியும் வேறாக இருந்தால், சர்வர் ‘ரிசீவ்ட்’ என்று உண்மையான ஐபியைச் சேர்த்து, அங்கே பதிலை அனுப்பும். போர்ட்டை மட்டும் வயாவிலிருந்தே எடுக்கும். பதில் 203.0.113.45 வரை சரியாக வருகிறது, ஆனால் 41873க்குப் பதிலாக 5060இல் வந்து நிற்கிறது. அப்படி ஒரு பதிவு ரூட்டரின் அட்டவணையில் இல்லை. தூக்கிப் போட்டுவிடுகிறது.

அடுத்த வருடமே ஆர்எஃப்சி 3581 வந்தது. போன் வயா வரியில் ‘ஆர்போர்ட்’ என்று வெறுமனே எழுதி அனுப்பும். சர்வர் அதில் 41873 என்று நிரப்பி, வந்த வழியிலேயே பதிலைத் திருப்பும். எழுதத் தெரியாத பழைய போன்களுக்காக, அது கேட்காவிட்டாலும் அப்படியே செய் என்று ஆஸ்டரிஸ்க் என்ற டெலிபோன் சர்வர் மென்பொருளில் ‘ஃபோர்ஸ் ஆர்போர்ட்’ வைத்திருக்கிறார்கள். இதையும் போட்டுப் பதில் வராவிட்டால், சர்வருக்கு இரண்டு ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் கோரிக்கையை வாங்கி இன்னொன்றிலிருந்து பதில் கொடுத்தால், கண்டிப்பான ரூட்டர் அதை உள்ளே விடாது.

சரி, ரிஜிஸ்டர் ஆகிவிட்டது. அப்புறம் வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இதில் சுவாரஸ்யமான கோளாறு. “அண்ணே, நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தேன், அரை நிமிஷத்துல கட் ஆயிருது” என்பார்கள். நேரம் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 32 வினாடி. நெட் மோசம் என்று திட்டத் தோன்றும். நெட் மோசமாக இருந்தால் இவ்வளவு கணக்காகக் கட் ஆகாது. போனை எடுத்ததும் அது ‘200 ஓகே’ அனுப்பிவிட்டு, சர்வரிடமிருந்து ‘ஏக்’ என்ற ஒப்புதலுக்காகக் காத்திருக்கும். ஏக் போக வேண்டிய இடம் ‘கான்டாக்ட்’ வரியில் உள்ள முகவரி. அங்கேயும் அதே 192.168.1.20! போன் ஓகேயைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அடிப்படை நேரமான அரை வினாடியின் 64 மடங்கு, அதாவது 32 வினாடி ஆனதும் அழைப்பைத் துண்டித்துவிடும். ஆர்போர்ட் இதற்கு உதவாது. பாக்கெட் வந்த முகவரியைக் கொண்டு கான்டாக்ட்டைச் சர்வரே திருத்தி எழுத வேண்டும்.

குரலுக்கும் இதே கதை. மண்ணடிக் கடையிலிருந்து வாப்பா கீழக்கரை வீட்டுக்குப் பேசுகிறார். “வாப்பா, நீங்க பேசுறது ஒண்ணும் கேக்கல” என்று பிள்ளை சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. குரலை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் எஸ்டிபி பகுதியில் வீட்டு போன் உள்முகவரியைக் கொடுத்திருக்கும். அதை நம்பாமல், குரல் வருகிற முகவரிக்கே குரலை அனுப்பும்படி சர்வரில் அமைத்தால் போதும்.

காலையில் வந்த அழைப்பு மத்தியானம் வராமல் போனால், ரூட்டரின் அட்டவணைப் பதிவு காலாவதி ஆகியிருக்கலாம். யூடிபி (தனி இணைப்பு திறக்காமல் பாக்கெட்டை அனுப்பும் முறை) பதிவை 2 நிமிடமாவது வைத்திருக்க வேண்டும் என்கிறது ஆர்எஃப்சி 4787. கேட்காத ரூட்டர்கள் ஏராளம். 30 வினாடியில் அழிப்பவையும் உண்டு. அதற்குள் போனே ஒரு சின்ன பாக்கெட்டை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆர்எஃப்சி 5626 சொல்லும் இடைவெளி 24 முதல் 29 வினாடி. பாம்பனில் மொபைல் டேட்டாவில் ஓடும் போனுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே மொபைல் கம்பெனிக்காரர்களே இன்னொரு என்ஏடி வைத்திருப்பார்கள். உங்களுக்கு 100.64 முதல் 100.127 வரையிலான முகவரி கிடைத்திருந்தால் அதுதான் அடையாளம். உங்கள் ரூட்டரில் போர்ட் திறந்து விடுவதெல்லாம் வீண்வேலை.

எதையும் தொடும் முன் ரூட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். உதவி செய்கிறேன் என்று உள்ளே இருக்கும் வரிகளை அரைகுறையாகத் திருத்தி, லாக்கையே நம்ப முடியாமல் செய்துவிடும். போனும் சர்வரும் இடம் கொடுத்தால் யூடிபியை விட்டு டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்புக்கு மாறுவது இன்னும் நல்லது: அதில் போன் திறந்த இணைப்பு வழியாகவே பதில் திரும்பும், வயா வரியில் எந்த போர்ட் எழுதியிருந்தாலும். குரல் மட்டும் அப்போதும் தனி வழியில்தான் போகும், அதற்கான அமைப்பை எடுத்துவிடாதீர்கள்.