டிப்ரன்சல்: வேறுபாடா, பகிர்வா?

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து கேரள எல்லையான கம்பம்மெட்டு ஏறும் ரோட்டோரப் பட்டறைகளில் ‘டிஃபரன்ஷியல்’ என்று முழுசாகச் சொல்பவரைப் பார்ப்பது அபூர்வம். ‘டிப்ரன்சல்’ என்பார்கள். கை வேலையாக இருந்தால் வெறும் ‘பின் ஹவுசிங்’. ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சின் நடுவில் சின்னப் பூசணிக்காய்போலப் புடைத்து நிற்குமே, அதுதான். எஞ்சினின் சுழற்சியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் கொண்டுசேர்க்கும் பற்சக்கரக் கூட்டம் அதற்குள் இருக்கிறது. விடியுமுன் கம்பத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு எல்லைக்கு அப்பால் கேரளத்து வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது அதே ஆட்களை இறக்கிவிட வரும் ஜீப்புகளின் பாரமெல்லாம் அந்த உருண்டையின் மேல்தான் வந்து விழுகிறது.

இந்தச் சொல்லுக்குப் பழந்தமிழில் இணை தேடிப் பயனில்லை. அந்தப் பொருளே நமக்குத் தேவைப்படவில்லை. மாட்டுவண்டியில் அச்சு சுற்றாது. சக்கரம்தான் அச்சின் மேல் சுற்றும். இரண்டு சக்கரமும் தனித்தனி. வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் வேகமாக ஓடும், உள்சக்கரம் மெதுவாக நகரும்; இரண்டுக்கும் நடுவே சண்டை இல்லை. அச்சு, அச்சாணி, குடம், ஆரக்கால், மசகு என்று வண்டிக்கு வேண்டிய சொல் அத்தனையும் நம்மிடம் இருந்தன. சக்கரத்தை மாடு இழுக்காமல் எஞ்சின் உள்ளிருந்து சுற்றவைக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் இறுக்கிச் சுற்றினால் வளைவில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும்.

எவ்வளவு தேயும் என்பதைக் கொண்டை ஊசி வளைவே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடைவெளி 1.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி அரைவட்டம் அடித்துத் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 1.4 பெருக்கல் பை, அதாவது ஏறத்தாழ 4.4 மீட்டர் கூடுதலாக ஓடும். வளைவு அகலமானாலும் குறுகலானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஜீப் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் இரண்டு முழுச் சுற்று அதிகமாகச் சுற்றுகிறது. அதற்கு இடம் கொடுப்பதுதான் டிப்ரன்சலின் வேலை. 1820-களின் இறுதியில் ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கலைஞர் நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். நுணுக்கமான பற்சக்கரங்களோடு பழகிய கை அல்லவா!

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டிஸ்’ என்றால் விலக. ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். விலக்கிச் சுமப்பது என்பது மூலப்பொருள். பிறகு அது ‘வேறுபடுதல்’ ஆயிற்று. அந்த ‘ஃபெர்ரே’யும் வடமொழியின் ‘ப்ரு’ (bhṛ, சுமத்தல்) என்ற வினை வேரும் ஒரே மூதாதையின் பிள்ளைகள். அந்த வடமொழி வேரிலிருந்துதான் நம் ‘பாரம்’ வந்தது. பாரம் ஏற்றிய ஜீப் என்கிறோம்; அந்தப் பாரத்தின் உறவுக்காரச் சொல் டிப்ரன்சலுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதை அறிந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தமிழாக்கத்துக்கு வருவோம். கணக்குப் பாடத்தில் இதே ஆங்கிலச் சொல்லை ‘வகையீடு’ என்கிறோம். அதைத் தூக்கி வந்து ‘வகையீட்டுப் பல்லிணை’ (பல்லிணை என்றால் கியர்) என்று பொறிக்குச் சூட்டினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்பது பரவாயில்லை; அகராதிப் பொருளுக்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் பொறி செய்யும் வேலையை அது சொல்லவில்லை என்பது என் வருத்தம். வேறுபாட்டை உண்டாக்குவது ரோட்டின் வளைவு. டிப்ரன்சல் செய்வது பங்கீடு. அதற்குள் இருக்கும் ‘கிரவுன்’ என்ற பெரிய பற்சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் இரண்டு பின் சக்கரங்களும் சேர்ந்து இரண்டு சுற்று சுற்றியாக வேண்டும். நேர்ரோட்டில் ஆளுக்கு ஒன்று. வளைவில் உள்சக்கரம் முக்கால் சுற்று என்றால் வெளிச்சக்கரத்துக்கு ஒன்றேகால். ஒன்று விட்டதை மற்றது எடுத்துக்கொள்கிறது. இதற்குத் தமிழில் ‘பகிர்தல்’ என்றுதான் பெயர். ‘வேகப் பகிர்வி’ என்று எழுதலாம் என்பது என் கட்சி.

சொல் சரியா என்று சேற்றில் சோதித்துப் பார்க்கலாம். மழைக்காலத் தோட்டப் பாதையில் ஒரு பின் சக்கரம் சேற்றில் இறங்கினால் அது வெறுமனே சுற்றும். கெட்டித் தரையில் நிற்கும் மற்றது அசையாது. ஏன்? ஒன்று நின்றுவிட்டால் அந்த இரண்டு சுற்றையும் மற்றதே எடுத்துக்கொள்ளும். வேகம்தான் ஏறி இறங்கும். சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசை எப்போதும் இரு பக்கமும் பாதிப் பாதி. வழுக்கும் சக்கரம் தாங்குவது எவ்வளவோ, மற்றதற்கும் அவ்வளவே போகும். ‘வேறுபாடு’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. ‘பகிர்வு’ என்றால் வண்டி ஓட்டுகிறவருக்கு உடனே பிடிபடும். எல்லைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில், ‘பகுதி’ என்றால் பாதி என்றே பொருள். முறுக்குவிசையைப் பொறுத்தவரை மலையாளத்தின் ‘பகுதி’தான் இங்கே கணக்குக்குச் சரி.

ஒழுக்கு என்ற சொல்லுக்கும் இந்த எல்லையில் ஒரு கதை உண்டு. போன மழைக்காலத்தில் நான் பட்டறையில் இருந்தபோது கேரளத்துக் குமுளிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, “அண்ணா, பின்னில் ஓயில் சோருந்நுண்டு” என்றார். பின்னால் எண்ணெய் கசிகிறது என்று பொருள். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்து, “ஆமா சேட்டா, நல்லா ஒழுகுது” என்றார். அவ்வளவுதான், வந்தவர் முகம் வெளுத்துவிட்டது. தமிழில் கூரை ஒழுகும், குடம் ஒழுகும். மலையாளத்தில் ஒழுகுவது ஆறு. எண்ணெய் முழுவதும் ஓடிப்போய்விட்டது, கிரவுன் தீய்ந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். அவர் சொன்ன ‘சோருந்நு’ நமக்கும் அந்நியமில்லை. கண்ணீர் சோர்ந்தது என்று எழுதுகிறோம். இரத்தத்துக்குச் ‘சோரி’ என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு. அவர்கள் வீட்டுப் பேச்சில் இன்றும் இரத்தம் ‘சோர’தான். ஒழுகு என்பதற்குத் தமிழிலும் பழைய பொருள் ஓடுதல், நீளச் செல்லுதல். ஒழுங்கும் ஒழுக்கமும் அந்த வேரிலிருந்து வந்தவை. நாம் அதைச் சொட்டும் கூரைக்குக் குறுக்கிக்கொண்டோம். அவர்கள் ஆற்றிலேயே விட்டுவைத்தார்கள்.

பட்டறைத் தமிழ் இந்த இடத்தில் மிகத் துல்லியமானது. ‘வேர்த்திருக்கு’ என்றால் மேலே மினுமினுப்பு, தூசி ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும். ‘கசியுது’ என்றால் ஈரம் கோடாக இறங்குகிறது. ‘சொட்டுது’ என்றால் காலையில் தரையில் வட்டம் இருக்கும். ‘ஒழுகுது’ என்றால் உடனே எண்ணெய் லெவல் பார். ‘லீக்’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்தப் படிகள் எல்லாம் கரைந்துபோகின்றன. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் இவற்றில் எது என்று சொல்லிவிட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு மூக்கும் விரலும் வேண்டும். கியர் ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மானம் இருக்கிறது. அந்தக் கடுநாற்றம் தெரிந்தால் அது ஹவுசிங் எண்ணெய்தான். நீர்த்துப்போய், அந்த நாற்றமில்லாமல் இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம்; அப்படியென்றால் வண்டியை அங்கிருந்து நகர்த்தவே கூடாது. எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, டீசலால் ஹவுசிங்கைக் கழுவித் துடைத்து உலரவிட்டு, மேலே பவுடர் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவர வேண்டும். நனைந்த தடம் கசியும் வாயைக் காட்டிக்கொடுக்கும். ஹவுசிங்கின் முன் மூக்கில், எஞ்சின் பக்கத்திலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் ஜாயிண்ட் தண்டு வந்து சேரும் இடத்தில் நனைந்து, மேலே வண்டியின் அடித்தகட்டிலும் கோடாகச் சிதறியிருந்தால் பினியன் சீல்; கிரவுனைச் சுற்றவைக்கும் சின்னப் பற்சக்கரம்தான் பினியன், அதன் தண்டைச் சுற்றி எண்ணெயை மறிக்கும் வளையம் சீல். சக்கரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தால் ஆக்ஸில் சீல். இது ஆபத்தானது, எண்ணெய் பிரேக் லைனரில் ஏறிவிடும். மலையிறக்கத்தில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மூடியின் ஓரமென்றால் கேஸ்கட். அடியிலென்றால், எண்ணெயை வடிக்கும் டிரெய்ன் பிளக்கின் வாஷர்.

‘சீல்’ என்பதை ‘முத்திரை’ என்று மொழிபெயர்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலத்தில் அது சரிதான். லத்தீனில் ‘சிகில்லும்’ என்பது சிறு குறி, அரக்கில் பதிக்கும் முத்திரை. அரக்கு கடிதத்தை மூடியது. அதிலிருந்து மூடுவதெல்லாம் சீல் ஆயிற்று. ஆனால் சுற்றும் தண்டை ரப்பர் உதட்டால் கவ்விக்கொண்டு எண்ணெயை உள்ளே நிறுத்தும் வளையத்தில் முத்திரை எதுவும் இல்லை. ‘கசிவடை’ என்று எழுதினால் வேலை தெரிகிறது. பேச்சில் ஆயில் சீல் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

குமுளி வண்டியில் போயிருந்தது பினியன் சீல். மெக்கானிக் உடனே சீலை மாற்றவில்லை. முதலில் ஹவுசிங்கின் மேலே இருந்த சின்ன மூடியைக் கழற்றி ஊதினார், காற்று போகவில்லை. “மூச்சு அடைச்சிருக்கு பாருங்கண்ணே” என்றார். அதன் பெயர் பிரீதர். ஓட ஓட எண்ணெய் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரிகிறது. வெளியே போக வழி இல்லையென்றால் சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வருகிறது. பிரீதரில் சேறு அடைத்திருக்கும்வரை எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. ‘மூச்சுத்துளை’ என்ற தமிழ் அவர் வாயிலிருந்து ஏறக்குறைய வந்தேவிட்டது. நாம் எழுத்தில் ஏற்றினால் போதும்.

அடுத்து, பினியன் முனையில் ஜாயிண்ட் தண்டைப் பிடித்திருக்கும் ஃபிளேஞ்சை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது என்று பொருள். புது சீலும் சில மாதத்தில் கிழியும். ஆட்டம் இல்லை. ஜாயிண்ட் தண்டுக்கும் ஃபிளேஞ்சுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிவிட்டுக் கழற்றினார். பினியன் நட் இருந்த இடத்துக்கும் ஒரு குறி வைத்தார். பல வண்டிகளில் பேரிங்கின் இறுக்கம் அந்த நட்டைப் பொறுத்தது. கூடுதலாக முறுக்கினால் பேரிங் சூடேறிக் கெட்டுப்போகும். கழற்றிய ஃபிளேஞ்சில் சீல் உரசிய இடத்தை நகத்தால் தடவச் சொன்னார். நகம் தட்டியது. பழைய ரப்பர் இரும்பிலேயே பள்ளம் போட்டிருந்தது. அந்தப் பள்ளத்தில் புது சீல் உட்கார்ந்தால் மறுநாளே கசியும் என்று மெல்லிய ஸ்லீவ் என்ற உறை ஒன்றை அதன்மேல் ஏற்றி, உதட்டில் எண்ணெய் தடவி, சீலைச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினார். சமதரையில் வண்டியை நிறுத்தி, 80டபிள்யூ-90 ரகக் கியர் எண்ணெயை ஊற்றுவாயின் கீழ் உதட்டில் வந்து நிற்கும்வரை ஊற்றி மூடினார். அதற்கு மேல் ஊற்றினால் அதுவே கசிவுக்குக் காரணமாகும்.

மூன்றாம் நாள் போன் வந்தது. “சோர்ச்ச நின்னு அண்ணா.” மெக்கானிக் என் பக்கம் திரும்பி, “ஒழுக்கு நின்னுருச்சாம்” என்றார். பிறகு போனில், ஒரு வாரம் கழித்து லெவல் பார்க்க வரச் சொன்னார்.