பழைய தேதியை அழிக்காதீர்கள்

இந்த மாதத்தில் என்னிடம் வந்த குழம்பிய உறுப்பினர் லிஸ்ட் இது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு இடங்கள். ஒன்று உடற்பயிற்சிக் கூடம், ஒன்று சிறிய பத்திரிகை, இன்னொன்று நூலகம். மூன்றிலும் சிக்கல் ஒன்றுதான் என்பதால் எரிச்சலோடு உட்கார்ந்து எழுதுகிறேன். என் வேலை கணக்கு எழுதுவது. சந்தா, மெம்பர்ஷிப் வாங்கி நடத்தும் இடங்கள்தான் எனக்கு அதிகம். கணக்கைப் பார்க்கப் போனால் முதலில் அவர்களுடைய உறுப்பினர் லிஸ்டைத்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்த வேலைக்குத் தனியாகப் பில் போட்டிருந்தால் இந்நேரம் வசதியாக இருந்திருப்பேன்.

உடற்பயிற்சிக் கூடத்துக் கதையைச் சொல்கிறேன். ஒருவர் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டிச் சேர்ந்தார். நடுவில் கால் முறிந்தது. "இரண்டு மாதம் நிறுத்தி வையுங்கள், பிறகு வருகிறேன்" என்றார். ரிசப்ஷனில் இருந்த பெண் சரி என்றார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டார். கால் சரியாகி அவர் திரும்பி வந்து பழகிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் வாசலில் நிறுத்தி, "உங்கள் மெம்பர்ஷிப் போன மாதமே முடிந்துவிட்டது" என்றார்கள். அவர் ரசீதைக் காட்டினார். இவர்கள் எக்செல் ஷீட்டைக் காட்டினார்கள். அதில் 'முடியும் தேதி' என்று ஒரு கட்டம், அதற்குள் ஒரு தேதி. அதை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், முதலில் என்ன தேதி இருந்தது, இரண்டு மாதத்தைச் சேர்த்தார்களா இல்லையா, ஒன்றும் தெரியாது. குரல் உயர்ந்தது. அவர் போய்விட்டார், கூடவே அவர் சேர்த்துவிட்ட இரண்டு பேரும் போனார்கள். அப்புறம்தான் மானேஜர் எனக்குப் போன் செய்தார். "மேடம், ஷீட்டை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். பெயர், போன் நம்பர், கட்டிய தொகை, முடியும் தேதி. வரிகளுக்குப் பச்சை, சிவப்பு, மஞ்சள் நிறம். பச்சை என்றால் பணம் வந்துவிட்டது, சிவப்பு என்றால் முடிந்துவிட்டது. மஞ்சள்? "பாக்கி இருக்கிறவர்கள் என்று நினைக்கிறேன்" என்றார் மானேஜர். நினைக்கிறாராம்!

நிறத்தில் தகவலை வைக்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்லியாயிற்று. கூட்டல், எண்ணிக்கை போடும் சாதாரண ஃபார்முலாக்களுக்கு நிறம் தெரியாது. அடுத்து வேலைக்கு வருபவருக்கும் தெரியாது. பக்கத்தில் 'நிலை' என்று ஒரு கட்டம் வைத்து, 'நடப்பு', 'நிறுத்திவைப்பு', 'முடிந்தது', 'விலகினார்' என்று வார்த்தையில் எழுதினால் கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

நிறம்கூடப் போகட்டும். எனக்குப் பொறுக்காதது 'ஒரு ஆளுக்கு ஒரு வரி' என்ற நம்பிக்கை. கேட்கிற இடத்திலெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள்: "லிஸ்ட் பக்காவாக இருக்கிறது மேடம், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, புதுப்பித்தால் தேதியை மாற்றிவிடுவோம்." பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் தேதியை மாற்றும் ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தைய வரலாற்றை நீங்களே அழிக்கிறீர்கள். உங்கள் பாங்க் பாஸ்புக்கை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பணம் போடும்போதெல்லாம் பழைய வரவுகளை அழித்துவிட்டு இன்றைய இருப்பை மட்டும் பாங்க் எழுதிக் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா? உங்கள் பணம் என்றால் வரிவரியாக வேண்டும், உறுப்பினருடைய பணம் என்றால் கடைசித் தேதி போதுமா?

ஒருவர் ஜனவரியில் ஒரு வருடத்துக்குச் சேர்கிறார். ஜூனில் ஒரு மாதம் நிறுத்திவைக்கிறார். அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கிறார். அது முடிந்து நாலு மாதம் ஆளைக் காணோம். திரும்பி வந்து, இந்த முறை மனைவியையும் சேர்த்துக் குடும்பச் சந்தா எடுக்கிறார். ஒரு வரி முறையில் இதில் மிஞ்சுவது என்ன? கடைசியாகப் போட்ட தேதி. முதலில் எந்தக் கட்டணத்தில் சேர்ந்தார், இடையில் ஏன் விலகினார், எவ்வளவு நாளாக உங்களோடு இருக்கிறார், எல்லாம் போச்சு. அதோடு, போன வருடம் இதே தேதியில் எத்தனை பேர் நடப்பு உறுப்பினர் என்று கேட்டால் அந்த ஷீட்டால் பதில் சொல்லவே முடியாது. உறுப்பினர்கள் கூடுகிறார்களா குறைகிறார்களா என்பதைக்கூட முதலாளி கூட்டத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூன்று ஷீட் போதும். முதல் ஷீட்டில் ஆட்கள்: எண், பெயர், தொடர்புகொள்ளும் வழி. இது ஒன்றில்தான் ஆளுக்கு ஒரு வரி. இரண்டாவதில் சந்தாக்கள்: யாருடையது, என்ன திட்டம், எப்போது தொடக்கம், எப்போது முடிவு. ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் புது வரி, பழையது அப்படியே இருக்கும். நிறுத்திவைத்தால் அதற்கும் இங்கே ஒரு வரி, எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, யார் அனுமதித்தது என்று. மூன்றாவதில் பணம்: தேதி, தொகை, எந்த வழியில் வந்தது, ரசீது எண், எந்தச் சந்தாவுக்கு. "சந்தாவும் பணமும் ஒன்றுதானே, ஏன் தனித்தனியாக?" என்று உடனே கேட்பார்கள். இல்லை. ஒரு சந்தாவை இரண்டு தவணையில் கட்டுவார்கள். ஒரே தொகையில் மூன்று பேருக்குக் கட்டுவார்கள். கட்டியதில் பாதியைத் திருப்பிக் கேட்பார்கள். ஒரே வரியில் இதையெல்லாம் அடைக்கப் பார்த்தால் கடைசியில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் ஒரு கட்டுரை எழுதி வைத்திருப்பீர்கள். அதை யாரும் படிக்கப் போவதில்லை.

மூன்றையும் கோக்கும் நூல் உறுப்பினர் எண். போன் நம்பரை அடையாளமாக வைக்காதீர்கள். நம்பர் மாறும், ஒரே நம்பரைக் குடும்பமே கொடுக்கும். பெயரை வைக்கவே வைக்காதீர்கள். முதலெழுத்து ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால், புள்ளியோடு, புள்ளியில்லாமல் என்று ஒரே ஆள் நாலு பேராக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். 1, 2, 3 என்று வெறும் வரிசை எண் கொடுங்கள். அதற்குள் திட்டம், கிளை, வருடம் என்று அறிவைத் திணிக்க வேண்டாம், திட்டம் மாறினால் எண் பொய்யாகிவிடும். விலகியவருடைய எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எண் தீர்ந்துபோகாது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோ போன் நம்பரோ இருந்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிடும், 15 இலக்கத்துக்கு மேல் இருந்தால் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அந்தக் கட்டங்களை முதலிலேயே எழுத்து (டெக்ஸ்ட்) வடிவத்துக்கு மாற்றி வையுங்கள்.

தேதிக்கு வருவோம். 03-04 என்று எழுதினால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா? வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று எழுதுங்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் 1988-இலேயே இதைச் சொல்லிவிட்டது. தேதி வெறும் எழுத்தாகக் கிடந்தால்கூட இப்படி எழுதியது சரியாக வரிசைப்படும். ஏப்ரல் 1-இல் தொடங்கிய வருடச் சந்தா மார்ச் 31-இல் முடிகிறது, ஏப்ரல் 1-இல் அல்ல. 'முடியும் தேதி' என்பது கடைசியாக அனுமதி உள்ள நாள் என்று ஷீட்டின் தலையிலேயே எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அந்த ஒரு நாளுக்காகத்தான் நடக்கிறது. பத்து நாள் தாமதமாகப் புதுப்பித்தவருக்குப் பழைய முடிவிலிருந்து கணக்கா, பணம் கட்டிய நாளிலிருந்தா? எதுவானாலும் சரி, ஒன்றை முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். ஆளுக்கு ஒரு நியாயம் வேண்டாம்.

மாதச் சந்தா வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ஜனவரி 31-இல் சேர்ந்தவருக்கு அடுத்த தவணை பிப்ரவரி 28. அந்த 28-இலிருந்து ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28, பிறகு ஏப்ரல் 28. மூன்று நாள் நிரந்தரமாகக் காணாமல் போய்விடும். எப்போதும் சேர்ந்த தேதியிலிருந்தே கணக்கிடுங்கள். எக்செலில் ஈடேட் (EDATE) என்ற ஃபார்முலா இருக்கிறது. சேர்ந்த நாளைக் கொடுத்து எத்தனையாவது மாதம் என்று சொன்னால் பிப்ரவரிக்கு 28-ஐயும் மார்ச்சுக்கு 31-ஐயும் அதுவே தரும். போன மாதத் தேதியை அதற்குக் கொடுத்தால் அதுவும் உங்களோடு சேர்ந்து தப்புச் செய்யும்.

"நல்ல சாஃப்ட்வேர் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பவர்களும் உண்டு. வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குப்பையை எடுத்துப் புது அலமாரியில் வைத்தாலும் அது குப்பைதான். இன்னொன்று, ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது வரிகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்புக்கே இது நடந்தது. பழைய எக்செல் வடிவம் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. அந்த வரம்பில் முட்டி 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போனது. உங்களிடம் அவ்வளவு வரி இருக்காது என்பது தெரியும். இருந்தாலும் மாற்றுவதற்கு முன் எத்தனை வரி, மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுதி வைத்து, மாற்றிய பின் இரண்டையும் ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஒரே ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து வரிசைப்படுத்தி, எல்லோருடைய தேதியையும் எல்லோருக்கும் மாற்றிக் கொடுத்த புண்ணியவான்களையும் பார்த்தவள் நான். அதனால் பேக்கப்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். ஷீட்டைத் திறக்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்வேர்டு.

பணத்தைப் பற்றிக் கணக்குக்காரி ஒன்றும் சொல்லாமல் போக முடியாது. நவம்பர் 1-இல் தொடங்கும் வருடச் சந்தா கைக்கு வந்தால் அது முழுக்க உங்கள் வருமானம் ஆகிவிடாது. டிசம்பர் முடிவில் பன்னிரண்டில் இரண்டு பங்குதான் நீங்கள் சம்பாதித்தது. மீதிப் பத்தும் உறுப்பினருக்கு நீங்கள் தர வேண்டிய கடன். 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் விதியிலும் இதுதான் நிலை. தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் ஒழுங்காக இல்லாத ஷீட்டை வைத்துக்கொண்டு இதை எப்படிக் கணக்கிடுவது? ஆயுள் சந்தா வசூலித்த பத்திரிகைக்காரர்களே, உங்களை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தப் பணம் என்றைக்கோ செலவாகியிருக்கும், இதழ் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

உறுப்பினருடைய பாங்க் கார்டின் பின்பக்கம் உள்ள மூன்று இலக்க எண்ணை நோட்டில் எழுதி வைக்கிறீர்களா? இன்றே கிழித்துப் போடுங்கள். பரிவர்த்தனை அங்கீகரிக்கப்பட்ட பிறகு அதைச் சேமிக்கக் கூடாது என்பது கார்டு நிறுவனங்களின் பாதுகாப்புத் தரத்தில் உள்ள விதி. பூட்டி வைத்தாலும் கூடாது, சங்கேதமாக மாற்றி வைத்தாலும் கூடாது. தேவையில்லாத பிறந்த தேதி, உடல்நல விவரம் எதையும் கேட்காதீர்கள். கேட்காத விவரம் திருட்டுப் போகாது. பழையதை அழிக்காதே என்று மேலே சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேனே என்று தோன்றலாம். விலகிப் பல வருடமானவரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிடலாம், நீக்கவும் வேண்டும். எண், தேதிகள், தொகை மட்டும் இருந்தால் கணக்குக்குப் போதும்.

பத்திரிகைக்காரர்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு. ஒரு சந்தாதாரர் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி கடிதம் எழுதினார். அலுவலகத்தில் ஒருவர் தன்னிடம் இருந்த லிஸ்டில் பெயரை நீக்கினார். தபால் அனுப்புகிறவரிடம் இருந்தது மூன்று மாதம் முந்தைய பிரதி. "அன்புள்ள வாசகரே, உங்கள் சந்தா முடிகிறது" என்று அந்த வீட்டுக்கு நினைவூட்டல் போனது. அந்த அம்மா மறுபடி எழுதினார். மறுபடியும் போனது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, இரண்டு லிஸ்ட் இருந்தது, அவ்வளவுதான். தயவுசெய்து ஒரே இடத்தில் வையுங்கள். பெயரை நீக்காமல், 'நிலை'யை மாற்றி, தேதியும் தகவல் எப்படி வந்தது என்பதும் எழுதுங்கள். யாரிடமும் தனிப் பிரதி இருக்கக் கூடாது.

உடற்பயிற்சிக் கூடத்தின் ஷீட்டை ரசீதுப் புத்தகங்களை வைத்து நாலு நாளில் திருப்பி எழுதினேன். மஞ்சள் மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் வேலையை விட்டுப் போன அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். யோசிக்கவே இல்லை அவர். "மஞ்சளா? நிறுத்தி வைத்தவர்கள் அக்கா. திரும்பி வந்ததும் நாளைக் கூட்டிப் போட வேண்டும் என்று வைத்திருந்தேன்." அவருக்குப் பின் வந்தவர் பாக்கி உள்ளவர்களுக்கும் மஞ்சளையே அடித்திருக்கிறார். மஞ்சளில் மொத்தம் பதினோரு பேர். அதில் ஏழு பேர் நிறுத்தி வைத்தவர்கள். அந்த ஏழு பேருக்கும் இத்தனை நாளாகப் பாக்கி கட்டச் சொல்லிப் போன் போய்க்கொண்டிருந்தது.

கால் முறிந்தவர் அந்த ஏழில் ஒருவர். மானேஜர் அன்று மாலையே அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்றாராம். வேறு இடத்தில் ஒரு வருடத்துக்குக் கட்டிவிட்டாராம்.